உயிர்ப்பை நம்பிக் குடைந்த சுரங்கங்கள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் பொத்சுவோலி என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. ரோமப் பேரரசின் காலத்தில் அதற்குப் புத்தெயோலி என்று பெயர். எகிப்திலிருந்து தானியக் கப்பல்கள் வந்து சேர்ந்த பெரிய துறைமுகம் அது. அங்கே கிடைத்த பழைய கல்வெட்டு ஒன்றில், பிணம் எடுக்கும் வேலையைக் குத்தகைக்கு விட்ட நகர நிர்வாகம் அந்த வேலையாட்களுக்கு என்னென்ன கட்டுப்பாடுகள் விதித்தது என்ற விவரம் இருக்கிறது. அவர்கள் ஊர் எல்லைக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும். குளிப்பதற்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. பிணம் எடுக்க வேண்டிய வேலை இல்லாமல் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. அப்படி வரும்போதும் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்படி தலையில் வண்ணக் குல்லாய் போட்டிருக்க வேண்டும்.

கி.பி. 303, மே 19. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் சிர்த்தா நகரம். தியோக்ளேசியன் பேரரசரின் ஆணைப்படி கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய அதிகாரிகள் வருகிறார்கள். அன்று எழுதிய அரசு அறிக்கை இன்றும் கிடைக்கிறது. பொற்கிண்ணங்கள், வெள்ளி விளக்குகள், ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகத் தோன்றும் பெண்கள் உடைகள் 82 என்று பொருட்களின் கணக்கு அதில் நீள்கிறது. அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலும் உண்டு. முதலில் ஆயர், பிறகு குருக்கள், திருத்தொண்டர்கள், துணைத் திருத்தொண்டர்கள். அவர்களுக்கு அடுத்தபடியாகக் கல்லறை வெட்டுபவர்கள்.

புத்தெயோலியில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட தொழில், சிர்த்தாவில் திருச்சபைப் பணியாளர் வரிசையில் இடம்பெற்றது. இறந்தவரின் உடலைக் கிறிஸ்தவர்கள் பார்த்த விதம்தான் இதற்குக் காரணம். அந்தப் பார்வை எப்படி உருவாகி வேலையாகவும் வழக்கமாகவும் நிலைத்தது என்பதை முழுமையாகக் காட்டும் இடம் ரோம் நகரின் அடியில் இருக்கிறது.

ஏறக்குறைய கி.பி. 57-இல் பவுல் ரோமிலிருந்த விசுவாசிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்துவோடு பாடுபடுகிறவர்கள் அவரோடு மகிமையும் அடைவார்கள், அவர்கள் கடவுளின் பிள்ளைகள், ஆகவே வாரிசுகள் என்பது அதிலிருந்த வாக்குறுதி. கடிதத்தைக் கேட்டவர்களில் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் இருந்தார்கள். ரோமச் சட்டம் அடிமைக்கு வாரிசுரிமை எதையும் தரவில்லை. அவர்களிடம் போய், கடவுளின் மகிமைக்கே நீங்கள் பங்காளிகள் என்றார் பவுல். அந்த மகிமையில் உடலுக்கும் பங்குண்டு என்பது அவருடைய போதனை. உடம்பைச் சிறையாகவும் ஆன்மாவைக் கைதியாகவும் பார்த்துப் பழகிய கிரேக்கப் படிப்பாளிகளுக்கு இது விசித்திரமாகப் பட்டது.

உடலும் உயிர்த்தெழும் என்ற இந்த நம்பிக்கையின் ஆழம் எதிரிகளுக்கும் புரிந்திருந்தது. 177-இல் இன்றைய பிரான்ஸின் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி எந்த உடல் எழும் என்று கேட்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று அங்கிருந்து தப்பியவர்களின் கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதத்தை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் தம் நூலில் சேர்த்து வைத்தார். மினுசியுஸ் பெலிக்ஸ் என்ற எழுத்தாளரின் உரையாடல் நூலில், சிதையை வெறுக்கும் கிறிஸ்தவர்களை ஒருவர் கேலி செய்கிறார். எரித்தால் உயிர்ப்பு நடக்காதென்று நாங்கள் அஞ்சவில்லை, அடக்கம் செய்வது பழமையான, மேலான வழக்கம், அதனால் அதைப் பின்பற்றுகிறோம் என்று மற்றவர் பதில் சொல்கிறார்.

அடக்கம் செய்வது கிறிஸ்தவர்கள் மட்டுமே கொண்டுவந்த மாற்றம் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமின் பணக்காரர்களே சிதையை விட்டுக் கல்பேழைக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். யூதர்களும் ரோமில் நிலத்தடிக் கல்லறைகள் வைத்திருந்தார்கள். அவர்களின் ஏழு கிளை விளக்கு வரைந்த சுவர்கள் இன்றும் இருக்கின்றன. கிறிஸ்தவர்களிடம் புதிதாக இருந்தது அளவும் ஏற்பாடும். சபையில் யார் செத்தாலும், அவரிடம் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடம் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கிறிஸ்தவர்கள் சேர்த்து வைக்கும் பொது நிதி ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும் செலவாகிறது என்று 200-ஐ ஒட்டி கார்த்தேஜில் தெர்த்துல்லியன் எழுதினார். நாலாம் நூற்றாண்டில் பழைய தெய்வங்களை மீட்க நினைத்த ஜூலியன் பேரரசர், இந்த மதம் பரவியதற்கான காரணங்களில் ஒன்றாக இறந்தவர்களின் கல்லறைமேல் அவர்கள் காட்டிய அக்கறையைக் குறிப்பிட்டார்.

ரோமில் ஊருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது பன்னிரு பலகைச் சட்டத்தின் காலத்திலிருந்தே இருந்த விதி. அதனால் கல்லறைகள் ஆப்பியா, சலாரியா, அர்தெயாத்தீனா முதலிய நெடுஞ்சாலைகளின் ஓரங்களுக்குப் போயின. அங்கே நிலத்துக்கு விலை அதிகம், இடமோ குறைவு. ஆனால் பூமிக்கு அடியில் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான துஃபா என்ற பாறை இருந்தது. வெட்டும்போது இளகிக் கொடுக்கும், காற்றுப் பட்டதும் கெட்டிப்படும். அதனால் அகலமாகப் பரவ வேண்டியதில்லை. கீழே கீழே போகலாம்.

அப்படிப் போனார்கள். ஆப்பியா சாலையோரம் உள்ள கலிக்ஸ்துஸ் கல்லறையில் மட்டும் சுரங்கப் பாதைகளின் நீளம் சுமார் 20 கிலோமீட்டர். அவை நாலு தளங்களாக, சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் இருக்கின்றன. ஓர் ஆள் நடக்கும் அகலமே உள்ள சந்துகளின் இரு பக்கச் சுவர்களிலும், ரயில் பெட்டியின் படுக்கைகள் போல, ஒன்றன்மேல் ஒன்றாக நீளக் குழிகள் குடைந்திருக்கிறார்கள்.

ஒரு குழி எப்படி மூடப்பட்டது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். துணியில் சுற்றிய உடலைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளி வைப்பார்கள். முகப்பைச் சுட்ட ஓடுகளாலோ பளிங்குப் பலகையாலோ அடைத்து, ஓரங்களில் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். பெயர் பொறிக்க வசதியில்லாதவர்கள் ஈரச் சாந்திலேயே ஏதாவது ஒன்றைப் பதித்து வைப்பார்கள். ஒரு நாணயம், உடைந்த கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகம், மண்விளக்கு, குழந்தையின் குழி என்றால் சிறு பொம்மை. இருட்டில் விளக்கோடு வரும் உறவினர் தங்கள் ஆளின் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவியது. பொருள் போய்விட்ட பிறகும் அது பதிந்திருந்த தடம் சில குழிகளின் சாந்தில் அப்படியே இருக்கிறது. சின்னக் குழிகள் ஏராளம். அந்த நகரத்தில் எத்தனை குழந்தைகள் பிழைக்காமல் போயின என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்தைவிடவும் அவை தெளிவாகச் சொல்கின்றன.

பெயர் பொறித்த கற்களில் அடிமை என்றோ விடுதலை பெற்றவர் என்றோ குறிப்பு மிக அரிது. மற்ற ரோமானியர்கள் அதைக் கல்லறையில் எழுதுவது சாதாரணம். வசதியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் தனி அறை குடைந்து ஓவியம் தீட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பெரும்பான்மை இந்த ஒரே மாதிரிக் குழிகள்தான். அதே சந்து, அதே அகலம்.

இந்த இடத்தை நிர்வகித்தவரின் கதையும் அதற்கேற்றது. 199-க்குப் பிறகு போப் செபிரினுஸ், கலிக்ஸ்துஸ் என்ற திருத்தொண்டரிடம் கல்லறைப் பொறுப்பை ஒப்படைத்தார். கலிக்ஸ்துஸ் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர் என்றும், தண்டனைக் கைதியாகச் சர்தீனியாவின் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டவர் என்றும் அவருடைய எதிரி எழுதி வைத்திருக்கிறார். இகழ்வதற்காக எழுதிய அந்தச் செய்திகளே இன்று அவருக்குப் பெருமை சேர்க்கின்றன. 217-இல் அவரே போப் ஆனார்.

சுவர்களில் என்ன வரைந்தார்கள் என்று பார்த்தால், மகிமை என்ற சொல் கேட்டவுடன் நினைவுக்கு வரும் சிம்மாசனமும் கிரீடமும் ஒளிவட்டமும் தொடக்க கால ஓவியங்களில் இல்லை. சிலுவைக் காட்சியும் இல்லையென்றே சொல்லலாம். திரும்பத் திரும்ப வருவது யோனாவின் கதை. பெரிய மீனின் வாயிலிருந்து வெளியே விழுந்த யோனா, பந்தலின் கீழ் ஒய்யாரமாகப் படுத்திருக்கிறார். பெட்டி போன்ற பேழைக்குள் நின்றுகொண்டு நோவா கைநீட்டுகிறார், புறா வருகிறது. சிங்கங்களுக்கு நடுவில் தானியேல், தீச்சூளையில் மூன்று இளைஞர்கள், துணி சுற்றிய லாசரு, தோளில் ஆட்டைச் சுமந்த மேய்ப்பர். எல்லாமே காப்பாற்றப்பட்டவர்களின் கதைகள். அன்று அவர்களைக் காத்தவர் எங்களையும் காப்பார் என்று அந்தச் சுவர்கள் வேண்டிக்கொள்கின்றன.

சலாரியா சாலையில் உள்ள பிரிசில்லா கல்லறையில் ஓர் அறை. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. நடுவில் முக்காடிட்ட ஒரு பெண், இரு கைகளையும் விரித்து, கண்களை மேலே உயர்த்தி நிற்கிறாள். ஒரு பக்கம் அவளுடைய திருமணம் என்று பலர் கருதும் காட்சி, மறுபக்கம் குழந்தைக்குப் பாலூட்டும் தாய். அவள் எதிர்பார்த்த மகிமை அவளுடைய வாழ்க்கையைத் துடைத்துவிட்டு வருவதாக இருக்கவில்லை. மனைவியாகவும் தாயாகவும் இருந்த அதே பெண்ணாகத்தான் அவள் கடவுள் முன் நிற்கிறாள்.

அந்தத் தலைமுறையின் கற்பனைக்கு இன்னொரு சாட்சி கார்த்தேஜில் உண்டு. 203-இல் விளையாட்டரங்கில் கொல்லப்பட்ட பெர்ப்பெத்துவா என்ற இளந்தாய் சிறையில் கண்ட கனவுகளைத் தானே எழுதினாள். வெண்கல ஏணியில் ஏறிப் போகிறாள். மேலே பரந்த தோட்டம். நரைத்த தலையோடு உயரமான மேய்ப்பர் ஒருவர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். மகளே வந்தாயா என்று கேட்டு, கட்டிப்பால் கொஞ்சம் தருகிறார். இரு கைகளையும் சேர்த்து வாங்கிச் சாப்பிடுகிறாள். விழித்தபோதும் நாக்கில் இனிப்பு இருந்தது என்கிறாள். கடவுளைப் பார்க்கப் போகும் இடத்தை அவள் ஒரு வீட்டுத் தொழுவத்தின் அன்போடு கண்டாள்.

எல்லோரும் உடனே அங்கே போய்விடுவார்களா என்பதில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த மறைசாட்சிகள் மட்டும் நேரே பரலோகம் போவார்கள், மற்றவர்கள் உயிர்த்தெழும் நாள்வரை கீழுலகில் காத்திருப்பார்கள் என்றார் தெர்த்துல்லியன். அதனால் மறைசாட்சி இறந்த நாள் பிறந்தநாள் ஆனது. ஆண்டைவிடத் தேதி முக்கியமாயிற்று. ஆண்டுதோறும் அதே நாளில் கூட வேண்டுமே! 354-இல் தொகுத்த ரோம நாட்குறிப்பு ஒன்றில், எந்த மறைசாட்சிக்கு எந்தத் தேதியில் எந்தக் கல்லறையில் கூட வேண்டும் என்ற பட்டியலே இருக்கிறது.

கலிக்ஸ்துஸ் கல்லறையில் மூன்றாம் நூற்றாண்டின் ஒன்பது போப்புகள் அடக்கமான சிற்றறை ஒன்று உண்டு. அவர்களில் பபியானுஸ், தேசியுஸ் பேரரசரின் காலத்தில் 250 ஜனவரியில் இறந்தவர். அவருடைய பலகையில் பெயரும் ஆயர் என்ற பட்டமும் கிரேக்க எழுத்தில் ஆழமாக இருக்கின்றன. பக்கத்தில் மறைசாட்சி என்பதன் சுருக்கெழுத்து, மேலோட்டமாக, வேறொரு கையால் பிற்பாடு சேர்க்கப்பட்டது. பலகையைச் சுவரில் பொருத்திய பிறகு, எட்டிக் கைவைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். எட்டு ஆண்டு கழித்து, 258 ஆகஸ்ட் 6 அன்று, கல்லறைகளுக்குள் நுழைய அரசு தடை போட்டிருந்த நேரத்தில், போப் இரண்டாம் சிக்ஸ்துஸைக் கல்லறையிலேயே பிடித்துத் திருத்தொண்டர்களோடு கொன்றார்கள்.

இறந்தவருக்கு விருந்து வைப்பது ரோமானியர்களின் பழைய வழக்கம். கிறிஸ்தவர்களும் அதை விடவில்லை. ஆப்பியா சாலையில் உள்ள செபஸ்தியான் ஆலயத்தின் அடியில் 1915-இல் தோண்டியபோது, மூன்றாம் நூற்றாண்டு விருந்துக்கூடத்தின் சுவரில் 600-க்கும் மேற்பட்ட கிறுக்கல்கள் கிடைத்தன. பேதுருவே, பவுலே, எங்களுக்காக வேண்டுங்கள் என்ற மன்றாட்டுகளும், இன்னார் இங்கே விருந்து வைத்தார் என்ற குறிப்புகளும் அவற்றில் உண்டு. எழுத்துப்பிழைகளும் ஏராளம். சாதாரண மக்களின் கையெழுத்து அது. அகுஸ்தீனின் தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்காவில் செய்து பழகியபடி, மிலானிலும் கஞ்சியும் ரொட்டியும் மதுவும் கொண்டு மறைசாட்சிகளின் கல்லறைக்குப் போனார். அம்புரோஸ் ஆயர் அதைத் தடை செய்திருக்கிறார் என்று வாசல்காவலர் சொன்னதும் வாதாடாமல் திரும்பினார்.

நாலாம் நூற்றாண்டில் பேரரசரே கிறிஸ்தவர் பக்கம் வந்தபின் சுவர்களும் மாறின. 359 ஆகஸ்ட் 25 அன்று, ரோம் நகர ஆளுநராகப் பதவியில் இருக்கும்போதே யூனியுஸ் பாஸுஸ் 42 வயதில் இறந்தார். சாவதற்குச் சற்று முன்புதான் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய பளிங்குப் பேழையில் கிறிஸ்து சிம்மாசனத்தில் வீற்றிருக்கிறார், வானத்தின் தெய்வம் அவர் பாதத்துக்குக் கீழே. மகிமை இப்போது அரசவையின் வடிவம் எடுத்துக்கொண்டது. தொமித்தில்லா கல்லறையில் வெனெராந்தா என்ற பெண்மணியை மறைசாட்சி பெத்ரொனில்லா பரலோகத்துக்குள் அழைத்துப் போகிறாள். பெரிய வீட்டுக்குள் போக அறிமுகம் செய்து வைக்க ஆள் வேண்டியிருப்பதுபோல ஒரு மனநிலை அந்த ஓவியத்தில் தெரிகிறது.

மறைசாட்சிக்கு அருகில் படுத்தால் உயிர்த்தெழும் நாளில் அவரோடு எழலாம் என்ற ஆசையும் வளர்ந்தது. கல்லறை வெட்டுபவர்கள் இடத்தை விற்கத் தொடங்கினார்கள். எவரிடம் வாங்கினோம், எத்தனை பொற்காசு கொடுத்தோம் என்று கல்லிலேயே எழுதி வைத்தார்கள். ஏழைக்கும் இடம் என்று தொடங்கிய வேலைக்கு விலை வந்தது இந்த வரலாற்றின் வருத்தமான பக்கம். புதுக் குழிக்காகப் பழைய ஓவியங்களையே குடைந்தெடுத்த சுவர்களும் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் போப் தமாசுஸ். 366 முதல் 384 வரை ஆண்ட அவர், மறைசாட்சிகளின் கல்லறைகளைத் தேடிப் பிடித்து, படிக்கட்டு அமைத்து, செய்யுள் எழுதி, பிலோகாலுஸ் என்ற கலைஞரின் அழகிய எழுத்தில் பொறிக்க வைத்தார். போப்புகளின் சிற்றறையில் தாமும் அடக்கமாக விரும்பியதாகவும், புனிதர்களின் சாம்பலைத் தொந்தரவு செய்ய அஞ்சியதாகவும் அங்கேயே எழுதினார். வேறிடத்தில்தான் அடக்கமானார்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் அடக்கம் நின்றது. கல்லறை வெட்டுபவர் என்ற பணியும் ஏடுகளிலிருந்து மறைந்தது. கோத்தியரும் லொம்பார்தியரும் நகரைச் சுற்றி முற்றுகையிட்டுக் கல்லறைகளைச் சூறையாடியபின், மறைசாட்சிகளின் எலும்புகளை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். போப் முதலாம் பஸ்கால், 817-இல் 2,300 பேரின் உடல் எச்சங்களைப் பிரசேதே ஆலயத்துக்கு மாற்றியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அவர்களுக்கு மேலே, வளைவில், மணிகள் பதித்த பொன்மதில் சூழ்ந்த பரலோக எருசலேமின் மொசைக் ஓவியம். வாசலை நோக்கிக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள். இருட்டுச் சந்துகளில் காத்திருந்தவர்களுக்கு அவர்கள் எதிர்பார்த்த நகரத்தைப் படமாகக் கட்டிக் கொடுத்தார் பஸ்கால்.

பிறகு சுரங்கங்களை ரோம் ஏறக்குறைய மறந்தது. 1578 மே 31 அன்று சலாரியா சாலையருகே மண் வெட்டிய கூலியாட்கள் தற்செயலாக ஒரு கல்லறைக்குள் விழுந்த பின்னர்தான் தேடல் தொடங்கியது. அந்தோனியோ போசியோ என்ற ஆய்வாளர் 1593-இல் தொமித்தில்லாவுக்குள் இறங்கி வழி தவறினார். அதன்பிறகும் ஆயுள் முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தார். 1849-இல் தொல்லியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸ்ஸி ஒரு திராட்சைத் தோட்டத்தில் உடைந்த பளிங்குத் துண்டைப் பார்த்தார். அதில் ‘நேலியுஸ், மறைசாட்சி’ என்று பொருள்படும் எழுத்துகள். கொர்நேலியுஸ் போப்பின் கல்லறை கீழே இருக்கிறது என்று கணித்து, அந்த நிலத்தை வாங்கும்படி போப் ஒன்பதாம் பியுஸிடம் வற்புறுத்தினார். 1852-இல் கீழே மீதித் துண்டு கிடைத்தது, ‘கொர்’ என்ற எழுத்துகளோடு. இரண்டே ஆண்டில் போப்புகளின் சிற்றறையும் திறந்தது.

அண்மைக் காலத்திலும் புதிது கிடைக்கிறது. நூற்றாண்டுகளின் விளக்குப் புகையும் படிவும் மூடியிருந்த தொமித்தில்லாவின் ஓர் அறையை லேசர் கொண்டு துப்புரவு செய்து 2017-இல் காட்டினார்கள். ரொட்டி சுடுவோரின் அறை என்று அதற்குப் பெயர். சுவரைச் சுற்றிப் படகிலிருந்து தானியம் இறங்குகிறது, மூட்டை சுமக்கிறார்கள், ரொட்டி பங்கிடுகிறார்கள். அதே அறையில் கிறிஸ்து திருத்தூதர் நடுவில் வீற்றிருக்கிறார். நாலாம் நூற்றாண்டின் அரசவை மகிமைதான் அது. ஆனால் அதை வரையச் சொன்ன ரொட்டிக்காரர்கள் தங்கள் மூட்டையையும் படகையும் வெளியே விட்டுவிட்டு அந்த அவைக்குள் போக நினைக்கவில்லை. செய்த வேலையோடும் சுமந்த தோளோடும் அங்கே இடம் உண்டு என்று நம்பினார்கள். பவுலின் கடிதத்தை முதலில் கேட்ட அடிமைகளின் நம்பிக்கை முந்நூறு ஆண்டு கழித்தும் அந்த அறையில் தெம்பாக இருக்கிறது.